மருந்து ஏற்றிய ஒரு மணி நேரம்

எங்கள் பக்கத்தில் மருந்து என்று சொன்னால் முதலில் ஞாபகத்துக்கு வருவது மாத்திரை அல்ல. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவைக்குத்தான் அந்தப் பெயர். மருந்து ரூம், மருந்துத் தட்டு, மருந்து கலக்குகிறவர் என்று பட்டாசுக் கம்பெனிகளில் நாள் முழுக்க அந்தச் சொல் புழங்கும். காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்துதான். எந்த மருந்தைச் சொல்கிறார்கள் என்று யாரும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை, பேசுகிற இடத்தை வைத்தே தெரிந்துவிடும். அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் இருபத்தேழு வருஷம் மருந்து கலக்கியவர். நான் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் பிழை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் மிஷினுக்குப் போகும். மத்தாப்புப் பெட்டியில் 'ஒளி' என்று வர வேண்டிய இடத்தில் 'ஒலி' என்று வந்தால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரும் நானும் எங்கள் சண்டையும் என்று வீடு நிறைவாகத்தான் இருந்தது.

அவருக்கு ஐம்பத்தாறு வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் உச்சி வெயிலில் வீட்டுக்கு வந்தார். வேலை நாளில் அந்த நேரத்தில் அவர் வந்ததே கிடையாது. முதலாளியோடு ஏதோ வம்பு வளர்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, செருப்பைக் கழற்றக்கூட விடாமல் ஏசினேன். அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"தராசு முன்னால நின்னேன் புள்ள. எத எம்புட்டுப் போடணும்னு தெரியல. கண்ண மூடிக்கிட்டே போடுவேன்ல, அது வரல. தப்பாப் போட்டா நாலு பேரு போயிருவான். அதான் வெளிய வந்து, இனிமே என்னைய உள்ள விடாதீகன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

தன் மறதியைத் தானே கண்டுபிடித்து, தானே வேலையை விட்டு இறங்கிய மனுஷன் அவர். அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. வெயிலில் தலை சுற்றியிருக்கும், நாலு நாள் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்றேன். தெருவில் ஆளாளுக்கு வல்லாரைக் கீரை வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். கீரையைப் பார்த்தாலே அவர் எழுந்து ஓடுகிற அளவுக்கு ஆக்கிப் போட்டேன். ஆறு மாதத்தில் எங்கள் தெருவுக்குத் திரும்பி வர வழி தெரியாமல் திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். விருதுநகரில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். அவர் மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். மதுரையில்தான் அல்சைமர் என்றார்கள்.

அங்கே எங்களைப் பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். பொறுமையாகப் பேசினாள். இத்தனை வருஷம் அலுமினியப் பொடியில் கிடந்ததுதான் காரணமா என்று முதல் நாளே கேட்டேன். "அப்படின்னு நிரூபணம் எதுவும் இல்லம்மா" என்றாள். இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் அவளை நம்பியிருக்க மாட்டேன். நிரூபணம் இல்லை என்று சொன்னதால் நம்பினேன்.

மூன்றாவது தடவை போனபோது அவள் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். மூளைக்குள் காவலுக்கென்றே சில செல்கள் இருக்கின்றனவாம். சேர்கிற குப்பையைத் தின்று சுத்தம் செய்வது அவற்றின் வேலை. இந்த நோயில் குப்பை கூடக்கூட அவை வெறி பிடித்த மாதிரி ஆகி, நல்ல செல்களையும் சேர்த்துக் கடித்துக் குதறிவிடுகின்றனவாம். அதற்குப் பெயர் அழற்சி. அது எங்கே, எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியே இருந்து பார்க்கவே முடியாது. ஸ்கேனில் மட்டும்தான் தெரியும்.

"ஒரு மருந்து ஏத்தி ஸ்கேன் எடுப்போம். அந்த மருந்து மூளையில அழற்சி இருக்கற எடமாப் பாத்துப் போய் ஒட்டிக்கும்" என்றாள்.

நான் கேட்டது அவ்வளவுதான். மருந்து, அழற்சி, ஒட்டிக்கும். கட்டிக்குக் களிம்பு தடவுவது மாதிரி என் மனசுக்குள் ஒரு படம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் என்னென்னவோ விளக்கினாள். தலையாட்டினேன். ஆறு பக்கத்துக்கு ஒரு சம்மதப் படிவம் கொடுத்தாள், தமிழில்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படித்துவிட்டு வரச் சொன்னாள். என்னுடைய வேலையே படிப்பது. அப்படிப்பட்ட நான் அதை அங்கேயே வைத்து, விரல் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அவரையும் போட வைத்தேன். தாமதித்தால் ஆய்வில் அவருக்கான இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களோ என்று பயம்.

ஒரே ஒரு சிக்கல் என்றாள் டாக்டர். மருந்து ஏற்றியதும் ஒரு மணி நேரம் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கிவிடும். அந்த மருந்து அன்றைக்குக் காலையில் வேறொரு ஊரில் அவருக்கென்றே தயாராகி, ஈயப் பெட்டிக்குள் வரும். சில மணி நேரத்தில் அதன் வீரியம் போய்விடும், எடுத்து வைத்து நாளைக்குப் போட முடியாது. அன்று முடியாமல் போனால் அவரை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள்.

ஆய்விலிருந்து எடுத்துவிட்டால் மருந்து இல்லை, மருந்து இல்லாவிட்டால் அவர் இல்லை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். அச்சகத்துக்கு இரண்டு வாரம் லீவு சொன்னேன். தினமும் காலையில் பாய் விரித்து அவரைப் படுக்க வைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து, போனில் மணி வைத்துப் பழக்கினேன். ஒரு நாள் பத்து நிமிஷம் படுப்பார். ஒரு நாள் இருபது. அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார். ஒரு தடவை ஆத்திரத்தில் அவர் தோளைப் பிடித்து அமுக்கினேன். "வலிக்கி புள்ள" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. அன்றைக்குப் பூராவும் அழுதேன். மறுநாள் காலையிலும் பாயை விரித்தேன்.

ஸ்கேன் நாள் வந்தது. சாவி, செல்போன், சட்டைப்பையில் இருந்த சில்லறை எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பருத்தியில் ஒரு உடுப்புக் கொடுத்தார்கள். அவர் ஒன்றுக்கும் முரண்டு பிடிக்கவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அறை வாசலில் நின்று சுவரில் எதையோ தடவித் தேடினார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மருந்து ரூம் வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருப்பார்கள், உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதைத்தான் தேடுகிறார். கழற்றச் சொன்னது, வெறுங்காலில் நடக்கச் சொன்னது, பருத்தித் துணி, எல்லாம் சேர்ந்து அவரைக் கம்பெனிக்கே கொண்டுபோய்விட்டது. நல்லதாகப் போயிற்று, வேலை நினைப்பில் அமைதியாக இருப்பார் என்று நான் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

படுக்கையில் படுக்க வைத்துத் தலையை ஒரு தொட்டில் மாதிரி இருந்த பிடிக்குள் வைத்து, நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். ஸ்கேன் எடுக்கிற பெண், கனமான உலோக உறைக்குள் இருந்த ஊசியைக் கொண்டுவந்து கையில் ஏற்றினாள்.

"ஐயா, மருந்து ஏத்தியாச்சு. இனி அசையக் கூடாது" என்றாள்.

"என்ன மருந்து?" என்றார் அவர்.

"ஸ்கேன் மருந்துங்கய்யா."

"எம்புட்டு?"

"கொஞ்சம்தான்."

"எங்கன வச்சிருக்கு?"

அந்தப் பெண் சிரித்தபடி, "உங்க உடம்புக்குள்ளதான் இருக்கு. இப்போ தலைக்குப் போய்க்கிட்டு இருக்கு" என்றாள்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பயம் இல்லை, முதலில் வந்தது வேறு. இரண்டு வருஷமாக நான் பார்க்காத ஒரு தெளிவு. மருந்து கலக்குகிற அந்த ஆள் எழுந்து வந்துவிட்டார்.

"எல்லாரும் வெளிய போங்க. மருந்து இருக்கற எடத்துல இத்தன பேரு நிக்கக் கூடாது. ஏ புள்ள, நீ மொதல்ல போ."

சொல்லிக்கொண்டே நெற்றிப் பட்டையைப் பிய்த்தார். எதற்கு என்று கேட்டேன். "நான் வெளிக்காட்டுக்குப் போயிருதேன். ஆளில்லாத எடத்துல போய் நின்னுக்கிடுதேன்" என்றார். தன் தலைக்குள் வெடிமருந்தை வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்தபோதும் எங்களை விட்டுத் தூரமாகப் போகத்தான் பார்த்தார்.

ஸ்கேன் எடுக்கிற பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். "அம்மா, இப்போ படம் ஆரம்பிக்கலைன்னா இன்னிக்கு முடியாது" என்றாள். அது வேறு மருந்து, உங்களைக் குணமாக்குகிற மருந்து என்று சொல்லியிருக்கலாம். அதற்கெல்லாம் நேரமில்லை, சொன்னாலும் ஏறாது. என் வாயில் வந்தது இதுதான்.

"எந்திரிக்காதீக. அசைஞ்சா வெடிச்சிரும். நீங்க அசையாமக் கெடந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

அவர் அப்படியே படுத்தார். நானே பட்டையைத் திரும்பக் கட்டினேன். எல்லோரும் வெளியே வந்து கனமான கதவைச் சாத்தினோம்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு மைக் இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதில், "அசையாதீக, நல்லா இருக்கு" என்றேன். படுக்கை ஸ்கேன் மிஷினின் வளையத்துக்குள் போய் நின்றிருந்தது. கேமராவில் அவர் முகம் தெரிந்தது. இமையைக்கூட அளந்துதான் மூடித் திறந்தார். அரை மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு கண்ணின் ஓரத்திலிருந்தும் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. ஒரு மணி நேரம், தான் அசைந்தால் நாங்கள் எல்லோரும் சிதறிவிடுவோம் என்று நம்பிக்கொண்டு ஒரு மனுஷன் கிடந்தார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

வெளியே கொண்டுவந்தபோது உடுப்பு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல?" என்பது.

"ஒண்ணும் ஆகல" என்றேன்.

குணமாகிவிடுவார் அல்லவா, அதற்காக ஒரு மணி நேரம் பயந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில் அவர் தூங்கிப்போனார். அடுத்த சில நாட்கள் அவர் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டால் மருந்து வேலை செய்கிறது என்று நினைப்பேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சாமி படத்துக்கு முன்னால் போய் நிற்பேன். ஒரு நாள் மாலை, ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த தன் அண்ணனைப் பற்றி ஒரு கதையை முழுதாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்குப் போய், "தெளிஞ்சிட்டாக" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டாள். கம்ப்யூட்டரில் அவர் மூளையைக் காட்டினாள். பாதி நீலம், இடையிடையே பச்சை, இரண்டு பக்க நெற்றிப்பொட்டுக்கு நேராகவும் பின்பக்கமும் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

"சிவப்பா இருக்கற எடத்துல எல்லாம் அழற்சி அதிகம். எதிர்பாத்ததைவிடக் கூடுதலாத்தான் இருக்கு" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. "சரியாப் போய் ஒட்டியிருக்குல்ல? இனி எம்புட்டு நாள்ல குறையும்?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். நான் எதை நம்பிக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா, அது சரி பண்ற மருந்து இல்ல. படத்துல தெரியறதுக்காகப் போடறது. அன்னிக்கே அது உடம்பை விட்டுப் போயிருக்கும்."

"அப்ப அதுக்கு ஏன் மருந்துன்னு பேரு வச்சீக?"

குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர், ஏன் சண்டை போடுகிறேன் என்று என் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றோம். வேற சொல்லு வரல" என்றாள். பிறகு, "நான் இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும்" என்றாள். தெளிவாகச் சொல்லியிருந்தாள் என்பதுதான் உண்மை. பையில் இருந்த படிவ நகலை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கம், நடுவில்: 'இந்த ஆய்வில் கலந்துகொள்வதால் உங்களுக்கு நேரடியான மருத்துவப் பலன் எதுவும் கிடைக்காது.' ஒற்று மிகாமல் இல்லை, எழுத்து மாறவில்லை. ஒரு பிழைகூட இல்லாமல் அச்சாகியிருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுப்பார்களாம். அதற்குள் சிவப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வே. அதுவரைக்கும் பரவட்டும் என்று வேடிக்கை பார்ப்பீர்களா என்று கேட்டேன். அவள் கண்ணைத் தாழ்த்தாமல் பதில் சொன்னாள்.

"தடுக்கறதுக்கு எங்ககிட்ட இப்போ எதுவும் இல்லம்மா. எப்படிப் பரவுதுன்னு தெரிஞ்சாத்தான் தடுக்கற வழி தெரியும். அது இவருக்கு உதவாது. பின்னால வர்றவங்களுக்கு உதவும்."

பின்னால் வருகிறவர்கள் யார், எனக்கு அவர்கள் என்ன உறவு? அத்தனை பேரையும் வாய்விட்டு ஏசினேன். ஆனால் இரண்டாவது ஸ்கேனுக்கும் கையெழுத்துப் போட்டேன், இந்தத் தடவை ஆறு பக்கத்தையும் படித்துவிட்டு. அவளிடம் பின்னால் வருகிறவர்களுக்காக என்றுதான் சொன்னேன். பொய். ஒன்றரை வருஷத்தில் ஏதாவது கண்டுபிடித்துவிட மாட்டார்களா, கண்டுபிடிக்கிற அன்றைக்கு இவர் பெயர் அவர்கள் நோட்டில் இருக்காதா என்ற நப்பாசை. அந்த ஆஸ்பத்திரியை விட்டால் அவர் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவாவது வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த ஒன்றரை வருஷத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு நாள் மத்தியானம் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு கம்பெனிப் பக்கமிருந்து பெரிய சத்தம் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் எல்லோரும் வெளியே ஓடி வந்து, யார் யார் எங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று போன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் சட்டைகூடப் போடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு அங்கே ஓடுகிறவர் அவர். அன்றைக்கு வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கிவிட்டு அடுத்த வாய்க்குத் திறந்தார்.

இரண்டாவது ஸ்கேனுக்கு ஒரு காரில் கொண்டுபோனோம். அதே அறை, அதே பெண். உடுப்பை நான்தான் மாற்றிவிட்டேன். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் படுக்க வைத்தார்கள். பட்டையைக் கட்டினார்கள். கையில் ஊசி இறங்கியபோது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருந்து ஏத்தியாச்சுங்கய்யா" என்றாள்.

ஒரு கேள்வியும் வரவில்லை. என்னைப் போகச் சொல்லவும் இல்லை. நான் கண்ணாடிக்குப் பின்னால் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்து, "போன தடவை எவ்வளவு பயந்தாங்க. இந்த முறை கொஞ்சங்கூடப் பயப்படலைம்மா. படம் ரொம்பத் தெளிவா வந்திருக்கு" என்றாள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். எனக்கு அந்தப் பயம் வேண்டும். பட்டையைப் பிய்த்துக்கொண்டு எழுந்து, எல்லோரையும் வெளியே துரத்திவிட்டு, காட்டுக்குள் தனியாகப் போய் நிற்கப் பார்த்த அந்த ஆள் எனக்குத் திரும்ப வேண்டும். இதை அவளிடம் சொல்லவில்லை. அவர் கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், ரத்தம் நின்ற பிறகும்.